மூலையில் கிடக்கும் கணிப்பொறியை எழுப்புங்கள்

உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலின் அடியிலோ ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறதா? உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் மாமா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ ஒன்று இருக்கும். "பழசாகிவிட்டது, இனி உதவாது" என்று துணி போர்த்தி வைத்திருப்பார்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் இடம் பெற்ற செயலியும் இருந்தால்தான் முறைப்படி ஏறும். ஆகவே துணி போர்த்தப்படும் கணிப்பொறிகளின் எண்ணிக்கை இனியும் கூடும். அவற்றில் பலவற்றுக்கு ஒரு பழுதும் இல்லை. கூட்டல் கழித்தலை நேற்றுச் செய்த வேகத்திலேயே இன்றும் செய்கின்றன.

அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். அதில் லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்தை நிறுவி, அதை வீட்டுச் சர்வராக மாற்றிப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பணம் மிச்சமாகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒரு மாணவர் தம் கையால் திறந்து பார்த்து, "ஏன் இப்படி நடக்கிறது?" என்று கேட்கக்கூடிய ஆய்வுக் கருவி அவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையினால் சொல்கிறேன்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய பெரிய கூடமும், வரிசை வரிசையான இரும்புச் சட்டங்களும், மினுக்கும் விளக்குகளும் உங்கள் நினைவுக்கு வரலாம். அவையும் சர்வர்களே. ஆனால் சர்வர் என்பது கணிப்பொறியின் உருவத்தைக் குறிக்கும் சொல் அன்று, அது செய்யும் வேலையைக் குறிக்கும் சொல். பிற கணிப்பொறிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி எதுவோ அதுவே சர்வர். உலகளாவிய வலையின் முதல் சர்வர் எப்படி இருந்தது தெரியுமா? ஜெனிவாவுக்கு அருகில் உள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், 1990-ஆம் ஆண்டில், டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய ஒரு மேசைக் கணிப்பொறிதான் அது. இது சர்வர், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மீது ஒட்டியிருந்தார்கள். யாராவது வீட்டுக்குப் புறப்படும்போது பழக்கத்தில் விளக்கை அணைப்பதுபோல் அதையும் அணைத்திருந்தால் வலை முழுவதும் நின்றிருக்கும்! உங்கள் பரணில் இருக்கும் பெட்டி அந்தக் கணிப்பொறியைவிடப் பல மடங்கு திறன் வாய்ந்தது.

இனி இயங்குதளம். ஒரு கல்யாண வீட்டை எண்ணிப் பாருங்கள். சமையற்காரர், பந்தி பரிமாறுபவர், காப்பி கலப்பவர் என்று பலர் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கு எப்போது எவ்வளவு அரிசி, எவ்வளவு சர்க்கரை என்று அளந்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். கணிப்பொறிக்குள் அந்தப் பெரியவரின் வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். நினைவகம், வட்டு, செயலியின் நேரம் ஆகியவற்றை அதுவே பங்கிடுகிறது. பெரியவரின் கணக்கு நோட்டை நீங்கள் புரட்டிப் பார்க்கலாமா? விலைக்கு வாங்கும் மூடிய இயங்குதளத்தில் அதற்கு அனுமதி இல்லை. திறந்த மூல இயங்குதளத்திலோ நோட்டு திண்ணைமீதே கிடக்கிறது. படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்த உரிமைகளை வலியுறுத்தி 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தவர் அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கெர்னலை எழுதி வெளியிட்டார். அன்று அது ஏறத்தாழ 10,000 வரிகள். இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேல். உலகின் மிக விரைவான 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில் ஓடுபவை. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரும் லினக்ஸைச் சுமந்துகொண்டுதான் பறந்தது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. சர்வருக்கு நான் பரிந்துரைப்பது டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் நடத்துவது. அதன் நிறுவும் திரைகளைத் தமிழில் மொழிபெயர்த்தவர்களும் அவர்களுள் உண்டு. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் டெபியனே அடிப்படை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 பதிப்பில் பழைய 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவி நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே உங்கள் பெட்டி 64 பிட் வகையா என்று முதலில் பாருங்கள். கடந்த 15 ஆண்டுகளுக்குள் வாங்கிய மேசைக் கணிப்பொறியானால் அநேகமாக அவ்வாறே இருக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கட்டாய வேலை இருக்கிறது. நிறுவும்போது வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துபோகும். அத்தையின் கல்யாணப் புகைப்படங்கள் அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கலாம். வீட்டாரைக் கேட்டு, வேண்டியவற்றையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்லுங்கள்.

டெபியனின் தளத்திலிருந்து நிறுவியைத் தரவிறக்க வேண்டும். சிறிய வகை ஒரு ஜிகாபைட்டுக்கும் குறைவுதான். இறக்கியவுடன் பென் டிரைவில் எழுத எல்லோருக்கும் கை பரபரக்கும். சற்றுப் பொறுங்கள்! நீங்கள் பெற்றது டெபியன் வெளியிட்ட அதே கோப்புதானா? வழியில் ஒரு பிட் மாறியிருந்தால்? இதை அறிய ஓர் அழகிய வழி உண்டு. கோப்பின் பக்கத்திலேயே 64 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தையும் வெளியிட்டிருப்பார்கள். ஷா-256 என்னும் கணக்கீட்டின் விடை அது. நீங்களும் உங்கள் கோப்பின்மீது அதே கணக்கீட்டைச் செய்யுங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் விடை முழுவதுமே உருமாறிவிடும். ஒவ்வோர் இடத்திலும் 16 குறிகளுள் ஒன்று வரலாம் என்பதால் மொத்த வாய்ப்புகள் 16-இன் 64-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1 என்ற எண்ணுக்குப் பின் 77 சுழியங்கள். இரண்டு வெவ்வேறு கோப்புகள் தற்செயலாக ஒரே விடையைத் தரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பலர் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் தராசின் சுழிப் பிழையைப் பார்க்காமல் எடை போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நிறுவுதல் எளிது. மொழி, ஊர் நேரம், கணிப்பொறிக்கு ஒரு பெயர், கடவுச்சொல், வட்டின் பகிர்வு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்தெந்த மென்பொருள் தொகுதிகள் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மட்டும் என் சொல்லைக் கேளுங்கள். படங்களும் சன்னல்களும் கொண்ட திரைச்சூழலை விட்டுவிடுங்கள். எஸ்.எஸ்.எச். சர்வர், அடிப்படைக் கருவிகள் ஆகிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். நினைவகம் 2 ஜிகாபைட் இருந்தால் தாராளம். வேலை முடிந்து மறுபடி தொடங்கும்போது கறுப்புத் திரையில் உங்கள் கணிப்பொறியின் பெயரும் ஒரு துடிக்கும் குறியும் மட்டுமே தெரியும். அதைப் பார்த்துச் சிலருக்கு ஏமாற்றம் வரலாம். உங்கள் ஆணைக்காகக் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

இனித் திரையும் விசைப்பலகையும் அதற்குத் தேவையில்லை. ரவுட்டரோடு கம்பியில் இணைத்துவிட்டு, வீட்டிலுள்ள வேறு கணிப்பொறியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழையலாம். 1995-இல் தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்டு தாட்டு இலோனன் என்பவர் உருவாக்கிய மறையீட்டு முறை அது. உள்ளே நுழைந்த பிறகு கோப்புகளைப் பகிர சாம்பா, விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமலே வீட்டினர் அனைவரும் படிக்க கிவிக்ஸ், குடும்பப் படங்களைச் சேமிக்க நெக்ஸ்ட்கிளவுட் என்று விரும்பியதை ஏற்றிக்கொள்ளலாம். இவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் வேறொன்றைக் காட்ட விரும்புகிறேன்.

லினக்ஸில் ஏறத்தாழ எல்லாமே கோப்பு. செயலியின் வெப்பநிலைகூட ஒரு கோப்புதான். சிஸ் என்னும் அடைவுக்குள் சென்று தேடினால் பெரும்பாலான கணிப்பொறிகளில் அது கிடைக்கும். திறந்து பாருங்கள். 47000 என்று ஓர் எண் மட்டும் இருக்கும். 47 டிகிரி செல்சியஸ் என்பதை ஆயிரத்தால் பெருக்கி எழுதியிருக்கிறது, அவ்வளவே. ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் வேறு எண். ஒருவரும் அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்து வைக்கவில்லை. நீங்கள் கேட்கும் அந்தக் கணத்தில் கெர்னல் உணரியைக் கேட்டு விடை சொல்கிறது.

உங்கள் பாடத்தில் நியூட்டனின் குளிர்வு விதி வருமல்லவா? பள்ளியில் கலோரிமீட்டரும் வெப்பமானியும் வைத்து அரை நிமிடத்துக்கு ஒரு முறை குறித்திருப்பீர்கள். இங்கே ஐந்து வரி நிரல் எழுதினால் போதும், வினாடிக்கு ஒரு முறை வெப்பநிலையைச் சர்வரே குறித்துக்கொள்ளும். செயலிக்குப் பத்து நிமிடம் கடுமையான கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சூடேற்றுங்கள். பிறகு கணக்கை நிறுத்திவிட்டு, குளிர்வதை வரைபடமாக்குங்கள். நேர்த்தியான வளைவு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வராது. முதல் சில வினாடிகளில் வெப்பநிலை சடாரென்று விழும், பிறகு மெல்ல இறங்கும். சிறிய சில்லு விரைவாகக் குளிர்கிறது, அதன்மேல் உள்ள உலோகத் துடுப்புகள் நிதானமாகக் குளிர்கின்றன. தவிரவும், இறுதியில் அது அறை வெப்பநிலைக்கு வராது. சும்மா இருக்கும் செயலியும் சிறிது வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே அறை வெப்பநிலையைக் கழிக்காமல், ஓய்வுநிலை வெப்பநிலையைக் கழித்து மடக்கை எடுத்துப் பாருங்கள். மின்விசிறியின் வேகம் மாறுவதும் குட்டையைக் குழப்பும். பாடநூல் விதி மெய்யான பொருளின்மேல் உட்காரும்போது எங்கெங்கே இடிக்கிறது என்பதை இதைவிட மலிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு சோதனை. பிங் என்னும் கட்டளை, தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, பதில் திரும்பிவர ஆகும் நேரத்தைச் சொல்லும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லி வினாடிக்கு 200 கிலோமீட்டர். போய்வரும் நேரம் என்பதால் பாதியாக்கினால், ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் அதிகப்பட்சத் தொலைவு 100 கிலோமீட்டர். ஓர் அமெரிக்க நிறுவனத்தின் முகவரிக்குப் பிங் அனுப்புகிறீர்கள், 8 மில்லி வினாடியில் பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிலைச் சொன்ன கணிப்பொறி உங்களிடமிருந்து 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கவே முடியாது! யார் என்ன சொன்னாலும் ஒளி பொய் சொல்லாது. அந்நிறுவனம் தன் பொருளின் நகலை நமக்கு அருகிலேயே வைத்திருக்கிறது என்று அட்லஸும் கணக்கும் வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம். "எல்லாம் மேகத்தில் இருக்கிறது" என்று சொல்லும் பெரியவர்களிடம் அந்த மேகம் எத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

"திறந்த மூலம் என்றால் திருடனும் படிக்கலாமே, அது எப்படிப் பாதுகாப்பு?" என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. திறந்திருப்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பாகிவிடாது. ஓப்பன்-எஸ்.எஸ்.எல். என்னும் மறையீட்டு மென்பொருளில் 2012-இல் புகுந்த ஹார்ட்பிளீட் என்ற பிழையை 2014 வரை எவரும் வெளிப்படுத்தவில்லை. கதவு திறந்தே இருந்தது, எட்டிப் பார்ப்பவர்தான் இல்லை.

ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் டெபியனின் நிலைபெறாத வளர்ச்சிப் பதிப்பில் தரவுத்தள மென்பொருள் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். நுழைவு வழக்கத்தைவிடத் தாமதமாவதைக் கவனித்தார். சுமார் 0.3 வினாடியில் முடிய வேண்டியது 0.8 வினாடி எடுத்தது. அரை வினாடி! நம்மில் எத்தனை பேர் அதைப் பொருட்படுத்துவோம்? அவர் விடவில்லை. அந்த அரை வினாடி எங்கே செலவாகிறது என்று அடுக்கு அடுக்காகத் தோண்டினார். எக்ஸ்-இசட் என்னும் கோப்புச் சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டு ஒரு புறவாசலை ஒளித்து வைத்திருந்தது தெரியவந்தது. அந்தப் பதிப்புகள் பரவலாகச் சென்று சேர்வதற்கு முன்பே தடுக்கப்பட்டன.

இதைப் படித்தபோது எனக்கு ராலே பிரபுதான் நினைவுக்கு வந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனும், வேதிப்பொருளிலிருந்து எடுத்த நைட்ரஜனும் எடையில் அரை சதவீதம் வேறுபடுவதைக் கண்டு, அவரும் அதை அலட்சியம் செய்யாமல் பின்தொடர்ந்தார். 1894-இல் ராம்சேயுடன் சேர்ந்து ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தார். ராலே எடை போட்டுப் பார்க்கக் காற்று எல்லோருக்கும் கிடைத்தது. ஃப்ராய்ண்டு தோண்டிப் பார்க்க மூலநிரல் கிடைத்தது. மூடிய மென்பொருளில் அவருக்கு அரை வினாடித் தாமதம் தெரிந்திருக்கும். அதற்கு மேல் அவர் எளிதில் எங்கே போயிருக்க முடியும்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடிக்கணக்கானோர் சார்ந்திருக்கும் அந்த எக்ஸ்-இசட்டைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர்தான் ஊதியமின்றிக் கவனித்து வந்தார். அவருடைய களைப்பைத்தான் புகுந்தவன் பயன்படுத்திக்கொண்டான். திறந்த மென்பொருள் உலகுக்கு இன்று வேண்டியது, புகழ்பவர்களைவிட, பொறுமையாகப் படித்துப் பார்க்கும் கண்கள். அந்தக் கண்கள் உங்களிடமிருந்து வரக்கூடும். அதற்கான பயிற்சிக்களம் பரணில் இருக்கிறது.

எச்சரிக்கைகள் சில. முதல் ஆண்டு உங்கள் சர்வர் வீட்டுக்குள் மட்டுமே பேசட்டும், ரவுட்டரில் வெளியுலகுக்கு வாசல் திறக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களை வாரம் ஒரு முறை ஏற்றுங்கள். எந்தப் படத்தின் ஒரே பிரதியையும் அதில் வைக்காதீர்கள், பழைய வட்டு சொல்லிக்கொண்டு சாகாது. பெட்டிக்குப் பதில் பழைய மடிக்கணினி இருந்தால் இன்னும் நல்லது. மின்சாரம் போனால் அதன் மின்கலமே சிறிது நேரம் தாங்கும். மூடியை மூடினாலும் தூங்கக் கூடாது என்று மட்டும் அமைப்பில் மாற்ற வேண்டும். ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லி, பழுது பார்ப்பவரைக் கொண்டு அகற்றச் செய்யுங்கள்.

"பரீட்சைக்கு உதவாத வேலை" என்பார்கள். உண்மைதான், இதற்கு மதிப்பெண் கிடையாது. எங்கள் துறைக்கு வரும் முதலாண்டு மாணவர்கள் பலர் மதிப்பெண்ணோடு வருகிறார்கள். கருவி எதிர்பாராத அளவைக் காட்டினால், "சார், இது ரிப்பேர்" என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கருவியையே கேட்கும் பழக்கம் அவர்களுக்கு எங்கும் வாய்க்கவில்லை. அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி மின்கட்டணம் பற்றியதாக இருக்கும். அதற்கும் அளவீட்டினாலேயே விடை சொல்லுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்றிருந்தால், ஒரு மின்னலுக்கு 36 லட்சம் ஜூலை 3200-ஆல் வகுத்து 1125 ஜூல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி பெற்று மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சர்வரும் ரவுட்டரும் மட்டும் ஓடும்போது இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் குறியுங்கள். 22.5 வினாடி வந்தால் திறன் 50 வாட். நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட். மடிக்கணினியானால் 15 வாட்டும், மாதம் 11 யூனிட்டும் ஆகலாம். இந்தத் தாளை அப்பா அம்மாவிடம் கொடுங்கள். இரவில் சர்வரை அணைப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.